கான்யாற்றங்கரையில் இரண்டு இரவுகள்: துறைச் சுற்றுலா குறித்து ஒரு கருத்து

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பர் நம் முன்னோர். நம் கல்லூரிகளிலோ தை பிறந்தால் சுற்றுலாப் பேச்சுப் பிறக்கிறது. எங்கே செல்வது என்னும் வினாவுக்கு விடை பெரும்பாலும் முன்பே முடிவாகியிருக்கும். உதகை, கொடைக்கானல், மைசூர் என்னும் மூன்றனுள் ஒன்று. இரவெல்லாம் பேருந்து ஓடும். உள்ளே திரைப்பாட்டு முழங்கும். விடிந்ததும் ஒரு விடுதியில் குளியல், பின் பூங்கா, படகு, கடைத்தெரு, மீண்டும் பேருந்து. கட்டணம் செலுத்த இயன்றோர் போவர். இயலாதோர், 'வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்' என்று ஒரு காரணம் கூறி ஊரில் தங்கிவிடுவர். அக்காரணத்தின் பின்னால் இருப்பது பலவேளை பணமே என்பதை ஆசிரியர் அறிவர். அறிந்தும் மேற்கொண்டு கேளார். வணிகவியல் மாணவர் கண்டுவந்ததையே தமிழ் மாணவரும் கண்டு வருகின்றனர் என்றால், தமிழ்த்துறை நடத்தும் சுற்றுலா எவ்வகையில் தமிழ்த்துறையின் சுற்றுலா ஆகும்?

இவ்வினாவுக்கு விடையாக ஒரு கருத்தை இம்மலரின் வாயிலாக முன்வைக்க விழைகிறேன். ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டு இரவுகள், மலையடிவாரத்து ஆற்றங்கரை ஒன்றில் நம் மாணவர் கூடாரம் அடித்துத் தங்குதல் வேண்டும். அங்கே மின்விளக்கு இருத்தல் ஆகாது. குழாய்நீர் இருத்தல் ஆகாது. கட்டிலும் சமையற்காரரும் வேண்டா. அவரவர் கூடாரத்தை அவரவரே கட்டி, அவரவர் சோற்றை அவரவரே பொங்கி உண்ணுதல் வேண்டும். இடம் தேட நெடுந்தொலைவு போகவும் வேண்டுவதில்லை. விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி வட்டாரமே போதும். அதிலும் மேல்சித்தாமூரை நடுவாகக் கொண்டால் பயன் பன்மடங்காகும். ஏன் அவ்வூர் என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழ்த்துறையினர்க்கு அதுவன்றோ வழக்கம். இன்று நாம் 'முகாம்' என்று வழங்கும் சொல் அரபு மொழியில் நிற்குமிடம், தங்குமிடம் என்னும் பொருளுடையது. 'அவன் இங்கேயே டேரா போட்டுவிட்டான்' என்று அழையா விருந்தினரைப் பற்றி அலுத்துக்கொள்கிறோமே, அந்த 'டேரா' உருது, இந்துஸ்தானி வழக்கிலிருந்து வந்து நம் வீட்டுப் பேச்சில் குடியேறியது. இவை படையோடு வந்தனவா, வணிகத்தோடு வந்தனவா என்னும் ஆராய்ச்சியைச் சொல்லறிஞர்க்கு விட்டுவிடலாம். ஆனால் செஞ்சிக் கோட்டையைச் சுற்றி முகலாயப் படை 1690 முதல் 1698 வரை, இடையிடையே வந்தவாசிக்குப் பின்வாங்கியும் மீண்டும் வந்தும், கூடாரங்களிலேயே கிடந்தது என்பது வரலாறு. சுல்பிகார்கான் தலைமையில் வந்த அப்படை கோட்டையைப் பிடித்ததைவிட மழையையும் பசியையும் கூடாரத்துக்குள் தாங்கியதே பெரிது என்று அக்காலச் செய்திகளைப் படிப்போர்க்குத் தோன்றும். அதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு முன்பே தமிழில் கூடாரத்துக்குச் சொற்கள் இருந்தன. பாடி என்றனர், பாசறை என்றனர். கூடாரத்தின் திரையைக் கண்டம் என்றனர், அதை நிறுத்தும் கழியைக் காழ் என்றனர்.

இச்சொற்களெல்லாம் நம் மாணவர் அறியாதன அல்ல. முல்லைப்பாட்டு பலவிடத்துப் பாடநூலாக உள்ளது. நப்பூதனார் பாடிய அந்நூல் 103 அடிகளே உடையது; பத்துப்பாட்டுள் மிகச் சிறியது. அதன் நடுப்பகுதி முழுவதும் காட்டாறு சூழ்ந்த ஒரு நிலத்தில் அமைந்த பாசறையின் காட்சிதான். புதர்களை வெட்டி நிலத்தைத் திருத்துகின்றனர். காட்டு முள்ளைக் கொண்டு சுற்றிலும் வேலி வளைக்கின்றனர். தழை வேய்ந்த சிறு குடில்கள் தெருத்தெருவாக எழுகின்றன. தெருக்கள் கூடுமிடத்தில் காவல் யானை கரும்பையும் நெற்கதிரையும் உண்ணாது அவற்றால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிற்க, பாகர் வடநாட்டுச் சொல்லால் அதனை உண்ணப் பழக்குகின்றனர். வில்லைச் சேர்த்து நட்டு, அம்பறாத்தூணியைத் தொங்கவிட்டு, கயிறு இழுத்துக் கட்டிய வீரர் இருக்கைக்கு, துறவி தன் முக்கோலில் காவியுடையை இட்டுவைத்த தோற்றம் உவமையாகிறது. வேலை ஊன்றிக் கேடயத்தை நிரைத்து வேலியாக்குகின்றனர். அரசனுக்கெனத் திரையால் வகுத்த தனி இடத்தில் யவனர் பணிசெய்கின்றனர். விளக்கேற்றும் மகளிர் இடையில் குறுவாள் கட்டியிருக்கின்றனர். நாழிகைக் கணக்கர் நீர்வட்டிலைப் பார்த்துப் பொழுது அறிவிக்கின்றனர்.

இப்பகுதியை நம் மாணவர் எவ்வாறு கற்கின்றனர்? 'பாசறை அமைப்பினை விளக்குக' என்னும் பத்து மதிப்பெண் வினாவுக்கு விடையாகக் கற்கின்றனர். கயிறு வாங்கு இருக்கை என்றால் என்னவென்று கேட்டால் உரையாசிரியர் சொன்னதை ஒப்பிப்பர். முளையை எவ்வளவு சாய்த்து அடித்தால் கயிறு விறைப்பாக நிற்கும், காற்று எத்திசையிலிருந்து வந்தால் கூடாரத்தின் வாயில் எத்திசை நோக்க வேண்டும், ஈரநிலத்தில் முளை ஏன் பிடுங்கிக்கொள்கிறது என்பனவற்றை ஒருமுறையேனும் கையால் அறிந்தவர்க்கு அவ்வடிகள் வேறு விதமாக விளங்கும். துறவியின் முக்கோல் என்னும் உவமை எத்துணைப் பொருத்தமானது என்பதும் மூன்று கழிகளைத் தலைசேர்த்துக் கட்டிப் பார்த்தவர்க்கே தெரியும். உவமையைப் பாராட்டுவதற்கு முன் உவமிக்கப்பட்ட பொருளைக் கண்டிருத்தல் வேண்டுமென்று கேட்பது மிகையாகுமா?

முல்லைப்பாட்டை விடவும் நம் கருத்துக்கு நெருங்கிய நூல் ஒன்று உண்டு, அது மலைபடுகடாம். இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. 583 அடிகள் கொண்டது. அது பாடும் நன்னனின் ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். அது கூறும் சேயாறு இன்றைய செய்யாறு. அது கூறும் நவிரமலையைப் பர்வதமலை என்பர். செஞ்சியிலிருந்து மேற்கே திருவண்ணாமலையைக் கடந்தால் அந்நிலத்தில் கால்வைத்துவிடலாம். கூத்தர் கூட்டம் ஒன்று மலைவழியே, ஆற்றங்கரை வழியே நடந்துசென்று நன்னனைக் காணவேண்டும். அவ்வழியில் எப்படி நடப்பது, எங்கே இரவு தங்குவது, எதற்கு அஞ்சுவது என்று முன்பு சென்று வந்தவன் சொல்கிறான். இன்று மலையேற்றக் குழுக்கள் அச்சிட்டுத் தரும் வழிகாட்டுக் குறிப்புக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. இது கவிதையாக இருக்கிறது என்பது ஒன்றே வேறுபாடு.

வழி பிரியும் இடத்தில், பின்னால் வருவோர் திகைக்காமல் இருக்கும்பொருட்டுப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுமாறு அந்நூல் கூறுகிறது. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியிலே இருக்கும் என்கிறது. பாம்பு ஒடுங்கிக் கிடக்கும் குழிகளைக் குறித்துப் பார்த்துச் செல்லுமாறு எச்சரிக்கிறது. தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட வீசும் கவண்கல் உங்கள்மேல் படலாம், மரத்தின் பின்னே மறைந்து செல்லுங்கள் என்கிறது. பாசி படர்ந்து வழுக்கும் நீர்க்கரைகளில் பக்கத்துச் செடிகொடிகளைப் பற்றிக்கொண்டு இறங்குமாறு சொல்கிறது. பொழுது சாய்ந்தபின் நடவாமல் மலைக்குகையில் சொந்த வீட்டில் தங்குவது போலத் தங்குமாறும் அறிவுறுத்துகிறது. ஒவ்வோர் ஆண்டும் கோடை விடுமுறையில் ஆற்றிலும் அருவியிலும் கல்லூரி இளைஞர் வழுக்கி விழுந்து இறந்த செய்தியைப் படிக்கிறோம். அவ்விளைஞருள் தமிழிலக்கியம் படித்தவரும் இருந்திருக்கலாம். வழுக்கும் பாசியைப் பற்றி ஈராயிரம் ஆண்டுகட்குமுன் எழுதிவைத்த எச்சரிக்கை தேர்வுத்தாளில் எழுதப்பட்டதோடு நின்றுவிட்டது.

இனி, மேல்சித்தாமூர் ஏன்? தமிழ்நாட்டுச் சமணர்க்கு அவ்வூர் தலைமை இடம். காஞ்சியின் பெயரைத் தாங்கிய ஜினகாஞ்சி மடம் அங்கே உள்ளது. பாறையில் செதுக்கிய திருவுருவங்களை உடைய மலைநாதர் கோயிலும், ஓங்கிய கோபுரம் உடைய பார்சுவநாதர் கோயிலும் அங்கே உள்ளன. அவ்வூரைச் சூழ்ந்த சிற்றூர்கள் பலவற்றில் நயினார் என்று அழைக்கப்படும் தமிழ்ச் சமணர் உழுதொழில் செய்து வாழ்கின்றனர். சீவகசிந்தாமணி பாடிய சமயம் எது என்று நூலில் படித்த மாணவர், அச்சமயத்தார் இன்றும் தம்மைப் போலவே தமிழ் பேசி, ஏர் பூட்டி, பேருந்துக்குக் காத்து நிற்கின்றனர் என்பதை அங்கேதான் காண இயலும். சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரியில் பயிலும் நம் மாணவர், தம்மினும் எண்ணிக்கையில் மிகச் சிறுபான்மையரான மற்றொரு தமிழ்ச் சமயத்தாரை நேரில் கண்டு பேசுவது, சமய நல்லிணக்கம் என்னும் தலைப்பில் பத்துக் கருத்தரங்கம் நடத்துவதற்கு ஈடாகும் என்பது என் எண்ணம்.

அன்றியும், வசதியின்றித் தங்குவது என்னும் நெறியை இந்நிலத்தில் முதன்முதல் எழுதிவைத்தோர் சமணத் துறவியரே. மழைக்காலம் நான்கு மாதம் நீங்கலாக ஓரிடத்தில் நிலையாகத் தங்குதல் அவர்க்கு விலக்கு. செஞ்சி வட்டாரத்துத் தொண்டூரில் அவர்க்கென வெட்டிய கற்படுக்கைகளும் தமிழி எழுத்துக் கல்வெட்டும் உள்ளன. நெகனூர்ப்பட்டியில் உள்ள கல்வெட்டு, அங்குள்ள பள்ளியைச் செய்வித்தவர் சேக்கந்தி என்பாரின் தாயாகிய ஒரு பெண் என்று கூறுகிறது. திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் ஒரே பாறையில் வரிசையாக உள்ளன. அதனருகே சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைச் சொல்லும் கல்வெட்டும் உள்ளது. எழுத்து வரலாறு பயில்வோர் வட்டெழுத்தின் தொடக்கநிலையை அறிய அக்கல்வெட்டையே எடுத்துக்காட்டுவர். கல்லில் படுத்து உறங்கியவரின் படுக்கையைப் பகலில் பார்த்துவிட்டு இரவில் பஞ்சுமெத்தைக்குத் திரும்பும் மாணவர்க்கும், அன்றிரவே தார்ப்பாய் விரித்துத் தரையில் படுக்கும் மாணவர்க்கும் அக்கல்வெட்டு ஒரே பொருளைத் தராது.

இன்னொரு சிறு செய்தியையும் சொல்லியாக வேண்டும். சமணர் பொழுது சாயுமுன் உண்டு முடிப்பர். விளக்கில்லாத முகாமிலும் அதுவே நல்வழி. இருட்டில் சமைத்தால் சோற்றில் என்ன விழுந்தது என்று தெரியாது. இருட்டில் பாத்திரம் கழுவ ஆற்றுக்குச் செல்வதும் தவறு. ஆகவே மாலை ஐந்தரை மணிக்கே உணவு. அவ்வூரார் அருகில் தங்கும் இரண்டு நாளும் நாம் புலால் தவிர்ப்பது அண்டையார்க்குச் செய்யும் மரியாதையாகும். பிரியாணி இல்லாமல் ஒரு முகாமா என்று முகம் சுளிப்போர் இருப்பர். அவர்க்குத் திண்டிவனத்தில் திரும்பும்போது வழி செய்யலாம்.

இனி நம் சமய மரபுக்கு வருவோம். கூடாரம் இஸ்லாமிய வரலாற்றுக்கு அயலான பொருளன்று. திருக்குர்ஆனின் 16-ஆம் அத்தியாயமாகிய அந்நஹ்லில் 80-ஆம் வசனம், கால்நடைகளின் தோலினால் ஆன, பயணத்தின்போதும் தங்கும்போதும் எடுத்துச் செல்ல எளிதான இல்லங்களை இறைவன் வழங்கிய அருட்கொடைகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. ஹஜ் கடமையை நிறைவேற்றுவோர் மினாவில் கூடாரத்தில் தங்குகின்றனர். முஸ்தலிபாவில் கூடாரமும் இன்றி, அரசனும் ஆண்டியும் ஒரே வெட்டவெளியில் வானத்தைப் பார்த்துப் படுக்கின்றனர். செல்வர் ஒருவர் தம் வாழ்நாளில் வெறுந்தரையில் உறங்கிய இரவு அது ஒன்றாகவே இருக்கலாம்.

முகாம் வாழ்க்கைக்குரிய ஒழுங்குகளும் ஹதீஸ் நூல்களில் உள்ளன. மூவர் பயணம் சென்றால் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இரவில் தங்கும்போது நடைபாதையில் தங்காதீர்கள், அது விலங்குகளும் ஊர்வனவும் இரவில் வழங்கும் வழி என்று கூறினார்கள். உறங்குமுன் நெருப்பை அணைக்கச் சொன்னார்கள். நீர்த்துறையிலும், மக்கள் நடக்கும் வழியிலும், நிழலிலும் மலங்கழிப்பதைச் சாபத்துக்குரிய செயல் என்று கண்டித்தார்கள். ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்தாலும் நீரை வீணாக்காதே என்பதும் நாம் சிறுவயது முதல் மதரஸாவில் கேட்டு வளர்ந்த செய்தி. இவற்றைக் கற்ற மாணவர் பலர், சுற்றுலாப் பேருந்து நின்ற இடத்திலெல்லாம் நெகிழிப் பையையும் தண்ணீர்ப் புட்டியையும் எறிந்துவிட்டு வருவதைக் காண்கிறோம். போதிக்கப்பட்ட ஒழுக்கம் பயன்படுத்தும் இடம் கிடைக்காமல் துருப்பிடிக்கிறது. குழாயைத் திறந்தால் நீர் கொட்டும் இடத்தில் நீரின் அருமை புலப்படாது. ஆற்றில் மொண்டு, தோளில் சுமந்து, காய்ச்சி, ஆறவைத்த நீர் ஒரு குவளையானாலும் அருமை தெரியும்.

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை இங்கே மறத்தல் ஆகாது. விலாதத்துக் காண்டத்தில் அண்ணலார் வணிகக் கூட்டத்தோடு சாம் நாட்டுக்குச் செல்லும் பகுதியில் பாதை போந்த படலம், சுரத்திற் புனலழைத்த படலம், நதி கடந்த படலம், புலி வசனித்த படலம் என்று வரிசையாக வருகின்றன. பாலைவனப் பயணத்தில் ஆறு ஏன் பெருக்கெடுக்கிறது, புலி ஏன் வருகிறது என்று வியப்போர் உளர். புலவர் தாம் அறிந்த தமிழ்நிலத்தின் காட்டையும் ஆற்றையுமே அரபுநாட்டுக்குக் கொண்டு சென்றார். நதி கடந்த படலத்தை ஓர் ஆற்றின் கரையில் அமர்ந்து படிப்பதற்கு நம் போன்ற கல்லூரியின் தமிழ்த்துறையைவிட உரிமையுடையோர் யார்?

இனி மறுப்புகள். இவற்றை எளிதாகத் தள்ளிவிட இயலாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, 20க்கும் மேற்பட்ட மலையேற்றத்தினர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் இளம்பெண்கள். 2021 சனவரியில் கேரளத்து வயநாடு மேப்பாடி அருகே தோட்டத்துக் கூடார விடுதியில் தங்கிய ஆசிரியை ஒருவரை யானை தாக்கிக் கொன்றது. இவ்விரண்டு செய்திகளையும் எந்தத் தாயும் தந்தையும் மறந்திலர். 'என் மகளை அங்கே அனுப்புவேனா?' என்று அவர்கள் கேட்டால் அக்கேள்வி நியாயமானதே. புனித மினாவிலும் 1997 ஏப்ரல் 15 அன்று கூடாரங்களில் தீப்பற்றி 340க்கும் மேற்பட்ட ஹாஜிகள் இறந்ததையும், அதன்பின்னரே அங்குத் தீப்பிடிக்காத கூடாரங்கள் அமைக்கப்பட்டதையும் நாம் அறிவோம். கூடாரம் எளிய பொருள். ஆனால் அதன் தீங்கும் விரைவானது.

ஆயினும் இம்மூன்று நிகழ்ச்சிகளும் சொல்வது யாது? குரங்கணியில் தீக்காலத்தில் உலர்ந்த புல்மலைக்குச் சென்றதே கேடாயிற்று. வயநாட்டில் கூடாரம் இருந்தது யானை நடமாடும் இடத்தில். மினாவில் தீயை வளர்த்தது எளிதில் எரியும் துணி. காலமும் இடமும் பொருளும் அறிந்து செய்தால் தீங்கைப் பெரிதும் தவிர்க்கலாம் என்பதே இதன் பொருள். குரங்கணிக்குப் பின் அரசு அதே ஆண்டில் மலையேற்றத்துக்கு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 மலைவழிகளை வனத்துறையே திறந்து, மலைவாழ் இளைஞரை வழிகாட்டிகளாக அமர்த்தியது. அரசு அஞ்சிக் கதவை மூடிவிடாமல் ஒழுங்குசெய்து திறந்திருக்கிறது. கல்லூரிகள் மட்டும் 'எதற்கு வம்பு' என்னும் இரண்டு சொல்லில் எல்லாவற்றையும் முடித்துவிடுகின்றன. அவ்வாறு முடித்துவிட்டால் இளைஞர் ஆற்றுக்குப் போகாமல் இருப்பரா? போவர், ஆசிரியர் அறியாமல், நான்கு பேர் இரண்டு வண்டியில் போவர்.

நான் சொல்லும் முகாம் காப்புக்காட்டுக்குள் நிகழ்வதன்று. காப்புக்காட்டில் இசைவின்றி நுழைவதும் தீமூட்டுவதும் 1882-ஆம் ஆண்டின் வனச்சட்டப்படி குற்றம். செஞ்சிக்கு மேற்கே உள்ள பாக்கமலைக் காடுகளுக்குள் செல்ல விரும்பினால் வனத்துறையின் இசைவோடு பகலில் சென்று மீளலாம். தங்குவது காட்டுக்கு வெளியே, ஆற்றோரத்துப் பட்டாநிலம் ஒன்றில், உரியவரின் ஒப்புதலோடு. இவ்வட்டாரத்து ஆறு சங்கராபரணி. வராகநதி என்றும் செஞ்சியாறு என்றும் அதற்குப் பெயருண்டு. செஞ்சி மலைகளின் சரிவிலிருந்து ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு வந்து, வீடூரில் தொண்டியாற்றோடு கலந்து, அணையில் தேங்கிப் பின் புதுச்சேரிப் பக்கம் கடலில் சேர்கிறது. இமயத்து ஆறுபோல ஆண்டு முழுதும் ஓடுவதன்று. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் சில மாதமே நீர் காணும். அதனால்தான் தை மாதம் ஏற்றது. மழைக்காலத்தில் கண்டிப்பாகக் கூடாது. 1714-இல் தேசிங்குராசன் ஆர்க்காட்டுப் படையை எதிர்க்கச் சென்றபோது ஆற்றில் வெள்ளம் இருந்ததென்றும், அவனுடைய குதிரைவீரருள் சிலரே கரைகடந்தனர் என்றும் கூறுவர். மணல்வெளி வறண்டு கிடக்கிறதே என்று ஆற்றுப்படுகையில் கூடாரம் அடிப்போர் இச்செய்தியை நினைவிற் கொள்க. மேட்டுக் கரையே இடம்.

பெண்மக்களைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். நம் துறையில் பயில்வோருள் அவர்களே மிகுதி; அவர்களை விட்டுவிட்டு நடத்தும் முகாம் துறையின் முகாம் ஆகாது. அவர்கட்குத் தனி வரிசைக் கூடாரம், பேராசிரியைகள் உடன் தங்குதல், விருப்பமுள்ள அன்னையர் இருவர் மூவரும் உடன் வருதல் ஆகியன எளிதில் அமைக்கத்தக்கன. உண்மையான தடை கழிப்பிடம். விடுதிகளை நாடுவதற்குப் பெற்றோர் சொல்லும் காரணங்களுள் வெளிப்படையாகச் சொல்லப்படாத காரணம் இதுவே. நான்கு கழி நட்டுத் திரை கட்டி, குழி தோண்டி, பக்கத்தில் மண்ணும் கரண்டியும் வைத்தால் இது தீரும். கானகத்தில் தங்கும் மேலைநாட்டார் நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளிக் குழி அமைக்கவேண்டும் என்று விதி வைத்திருக்கின்றனர். நமக்கோ அதற்கு முன்பே நபிமொழி உண்டு. குழியைத் தோண்டுவது ஆண்மாணவர் வேலை, மூடுவது எல்லோர் வேலை என்று வைத்தால் அதுவும் ஒரு பாடமாகும். நெகனூர்ப்பட்டிப் பள்ளியைச் செய்வித்த தாயும், முல்லைப்பாட்டுப் பாசறையில் குறுவாள் கட்டி விளக்கேற்றிய மகளிரும் இருந்த நாட்டில், இரண்டு இரவு கூடாரத்தில் தங்குவது பெண்ணுக்கு ஆகாது என்பது பொருந்தாது.

இக்காலத்தில் கூடாரம் என்னும் பெயரில் வேறொன்று விற்கப்படுகிறது. குளிரூட்டி, மெத்தை, வண்ணவிளக்கு, இரவெல்லாம் இசை ஆகிய அனைத்தும் உடைய துணிவீடுகள் மலைதோறும் முளைத்துள்ளன; ஓர் இரவுக்கு வாங்கும் தொகை ஏழை மாணவரின் பருவக் கட்டணத்தை எட்டும். செஞ்சிக் கோட்டை 2025 சூலையில், மராட்டியர் படைத்துறைக் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. மற்றைய பதினொன்றும் மகாராட்டிரத்தில் உள்ளன. இப்பெருமையால் வெளியூரார் வரவு பெருகும். அவரைக் குறிவைத்து அத்தகைய துணிவீடுகள் சங்கராபரணிக் கரைக்கும் வருமோ என்னும் அச்சம் எனக்கு உண்டு. வருமுன்னே, அந்த ஆற்றை அவ்வாறன்றி வேறு வகையிலும் பயன்கொள்ளலாம் என்று ஒரு தமிழ்த்துறை செய்துகாட்டினால் நன்று.

செலவு பெரிதன்று. தார்ப்பாய், கயிறு, மூங்கில், முளை ஆகியவற்றைத் துறை ஒருமுறை வாங்கினால் பல ஆண்டு வரும். தேசிய மாணவர் படை இயங்கும் கல்லூரிகளில் கூடாரமும் கட்டத் தெரிந்தவரும் உடனே கிடைப்பர். அடுப்பைக் கூடாரத்துக்கு வெளியே, காற்று மறைவில் வைத்தல் வேண்டும். குடிநீரை ஊரிலிருந்து கொணர்தல் நலம். ஆற்றுநீர் கழுவுவதற்கு மட்டும். விடியற்காலை செருப்பை உதறிப் போடவேண்டும். பகல் முதல் நாள் திருநாதர்குன்றும் தொண்டூரும். இரண்டாம் நாள் மேல்சித்தாமூர், மடத்தாரின் இசைவு பெற்று. மாலையில் முல்லைப்பாட்டையும் மலைபடுகடாத்தையும் மாணவரே உரத்துப் படித்தல் வேண்டும். பேராசிரியர் உரையாற்றலாகாது, கேட்டால் மட்டும் பொருள் சொல்லலாம். தொழுகைக்கு இடம் ஒதுக்குதலும், பயணியர்க்குரிய சுருக்கத் தொழுகை குறித்து ஆலிம் ஒருவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுதலும் நன்று. ஊராட்சி மன்றத்துக்கும் காவல் நிலையத்துக்கும் அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கும் முன்னரே கடிதம் கொடுத்தல் வேண்டும்.

நாள் குறிக்குமுன் பிறைக்கணக்கையும் பார்க்கவேண்டும். ரமலான் ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாள் முன்னோக்கி நகர்ந்து வருகிறது. 2029-இல் அது சனவரி நடுவிலேயே தொடங்கிவிடும். அவ்வாண்டு முகாமைப் பிப்ரவரி இறுதிக்குத் தள்ளவேண்டியிருக்கும். ஆற்றில் நீர் குறைந்திருக்கும், புல் காயத் தொடங்கியிருக்கும். ஆகவே வரும் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் தொடங்கிவிடுவதே நலம்.